ஒரே இன்ஜின், இரண்டு நோய்: மாருதி 800-இல் அடங்காத ஐடிலிங்

“ஸ்லோ ஸ்பீடு எறங்க மாட்டேங்கு” என்று பட்டறைக்கு வரும் பழைய மாருதி 800-களை மார்த்தாண்டம், தக்கலை, வடசேரிப் பக்கங்களில் இன்றும் பார்க்கலாம். நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளைக்கு நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஐடிலிங் இறங்காத இந்தக் கோளாறு நன்றாகத் தெரியும். ஆக்ஸிலேட்டரில் கால் இல்லை, ஆனால் இன்ஜின் இரைகிறது, கிளட்சை விட்டால் வண்டி பாய்கிறது, பெட்ரோல் வீணாகிறது.

இந்தக் காரின் எரிபொருள் அமைப்பில் இரண்டு தலைமுறை உண்டு. 1983 டிசம்பரில் வந்தது கார்புரேட்டர் வண்டி. புகை விதிகள் இறுகிய 2000-ஐ ஒட்டி, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வந்தது. 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை இன்ஜின் அதே 796 சிசி, மூன்று சிலிண்டர். ஆனால் ஐடிலிங்கைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு இரண்டிலும் வேறு. ஆகவே வைத்தியமும் வேறு.

முதலில் பொதுவானதைச் சொல்லிவிடலாம். சூடேறிய இன்ஜின் நிமிடத்துக்கு 800 முதல் 1000 சுற்றுக்குள் அடங்க வேண்டும். காலையில் எடுத்தவுடன் சற்றுக் கூடுதலாக ஓடுவது நோயல்ல. சூடான பிறகும் இறங்காவிட்டால், பெரும்பாலும் இன்ஜினுக்குள் தேவைக்கு மேல் காற்று போகிறது என்று பொருள். அந்தக் காற்று எந்த வழியாகப் போகிறது என்பதே கேள்வி.

கார்புரேட்டர் வண்டியில் அந்த வழிகளைக் கண்ணாலும் கையாலும் தேடலாம். சோக்கு கேபிள் உறைக்குள் துருப்பிடித்துப் பாதியில் நிற்கலாம். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களின் உப்புக்காற்றும், இரண்டு பருவமழையின் ஈரமும் சேரும்போது கேபிள்கள் சீக்கிரம் பழுதாகும். ஆக்ஸிலேட்டர் கேபிள் விறைப்பாக இருந்தாலும் த்ராட்டில் முழுதாக மூடாது. ஏசி வண்டியானால், ஏசி போட்டதும் ஐடிலிங்கை உயர்த்தித் தரும் ஒரு சிறிய டயாஃப்ரம் இருக்கும். அது இழுத்தபடியே சிக்கிக்கொள்வதும் உண்டு.

எம்பிஎஃப்ஐ வண்டியில் கேபிளைப் பார்த்ததோடு வேலை முடியாது. அங்கே ஐடிலிங்கைத் தீர்மானிப்பது கம்ப்யூட்டர். ஐடிலிங்குக்கான காற்றை அளந்து விடும் ஐடில் வால்வு கரி படிந்து திறந்தபடியே நிற்கலாம். கூலன்ட் வெப்ப சென்சார் பொய் சொன்னால், சூடான இன்ஜினையும் குளிர்ந்தது என்று நம்பிக் கம்ப்யூட்டர் வேகத்தை ஏற்றி வைக்கும். இந்த வகை சென்சாரின் மின்தடை 20 டிகிரியில் ஏறக்குறைய 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் இருக்கும். சாதாரண மல்டிமீட்டரே இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏர் லீக்கில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. கார்புரேட்டருக்கு அடியிலுள்ள பேக்கிங் லேசாக வெடித்தால், கூடுதல் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வராது. இன்ஜின் குலுங்கும், அணையப் பார்க்கும். அணையாமலிருக்க யாரோ ஐடில் ஸ்க்ரூவை ஏற்றி வைப்பார்கள். பிறகு இன்ஜின் சூடானதும் இரைச்சல். நாம் காணும் ‘நோய்’ பல நேரம் முந்தைய வைத்தியம்தான். எம்பிஎஃப்ஐ-யில் அதே அளவு லீக் வேறு விதமாக நடந்துகொள்ளும். உள்ளே அழுத்தம் மாறியதை மேப் சென்சார் சொல்ல, கம்ப்யூட்டர் அதற்கேற்பப் பெட்ரோலும் சேர்த்துத் தரும். இன்ஜின் குலுங்காமல், சீராகவே வேகமாக ஓடும். கார்புரேட்டரில் குலுக்கல் எச்சரிக்கிறது; எம்பிஎஃப்ஐ-யில் அந்த எச்சரிக்கை இல்லை.

கண்டுபிடிக்கும் முறை இரண்டுக்கும் பொருந்தும். வேக்குவம் ஹோஸ்களை ஒவ்வொன்றாகப் பிளையரில் மெல்ல நசுக்க வேண்டும். எதை நசுக்கும்போது சத்தம் இறங்குகிறதோ, அந்த வழியில்தான் காற்று போகிறது. பிரேக் பூஸ்டர் இருந்தால் அதன் ஹோஸை விட்டுவிடக் கூடாது. அது வெடித்திருந்தால் கோதையாறு மலைப்பாதை இறக்கத்தில் பிரேக்கும் கல்லாக இறுகும்.

இன்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் விஷயத்தில் நம் பட்டறைப் பழக்கத்தையே மாற்ற வேண்டும். “நம்ம ஊரு சூட்டுக்கு இது எதுக்கு?” என்று கழற்றிப் போடும் வழக்கம் பரவலாக உண்டு. கார்புரேட்டர் வண்டியில் சோக்கைக் கையால் தள்ளிவிடுவதால் ஐடிலிங் அடங்கிவிடும். தேய்மானமும் பெட்ரோல் செலவும் மட்டும் சத்தமில்லாமல் கூடும். எம்பிஎஃப்ஐ வண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயின் எதிர்காற்றில் ஓடிவந்து நின்றால், இன்ஜின் உண்மையிலேயே குளிர்ந்திருக்கும். சென்சார் உண்மையைச் சொல்லும், கம்ப்யூட்டர் சரியாகவே வேகத்தை ஏற்றும். அப்போது சென்சாரை எத்தனை முறை மாற்றினாலும் பணம் போகுமே தவிர ஐடிலிங் இறங்காது.

ஆக, கார்புரேட்டர் வண்டி காதையும் கையையும் கேட்கிறது; எம்பிஎஃப்ஐ வண்டி மீட்டரையும் கேட்கிறது. வரிசை மட்டும் ஒன்றுதான்: இன்ஜினைச் சூடாக்கு, கேபிளைப் பார், ஹோஸைப் பார், பேக்கிங்கைப் பார், எம்பிஎஃப்ஐ என்றால் தெர்மோஸ்டாட்டையும் சென்சாரையும் வால்வையும் பார். ஐடில் ஸ்க்ரூ கடைசி. அதை முதலில் திருகும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள். முதலில் ஹோஸைத் தேடுகிறவருக்கு அரைமணி நேரக் கூலி கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.