பகிர்வுச் சேமிப்பகமும் வழங்கிகளின் எண்ணிக்கையும்

சேமிப்பக வலையமைப்பு என்பது, சர்வர் எனப்படும் வழங்கிக் கணினிகள் பலவற்றைப் பொதுவான வட்டுத் தொகுதியுடன் இணைக்கும் தனி வலையமைப்பு ஆகும். இதில் எத்தனை வழங்கிகள் சேரலாம் என்ற கேள்விக்கு எக்காலத்திலும் ஒரே விடை இருந்ததில்லை. முதலில் கம்பியும், பின்னர் முகவரியும், இறுதியில் ஒருவர் எழுதும்போது மற்றவர் காத்திருக்கும் ஒழுங்கும் அந்த எண்ணைத் தீர்மானித்தன.

பெரம்பலூர், அரியலூர் பின்னணி

பெரம்பலூர் மாவட்டம் 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமானது. 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டமானது. பதிவேடுகள் தாளில் இருக்கும்வரை, மாவட்டம் பிரியும்போதெல்லாம் கோப்புகளும் ஊர் மாற வேண்டும். பொதுச் சேமிப்பகத்தில் உள்ள பதிவுகளுக்கு அந்த அலைச்சல் இல்லை. எந்த அலுவலகம் எந்தப் பகுதியைத் திறக்கலாம் என்ற அனுமதியை மாற்றினால் போதும்.

2006 மே மாதம் தேசிய மின்னாளுமைத் திட்டத்துக்கு நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதன் கீழ் வந்த மின்மாவட்டத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் சோதனை முறையில் நடத்தப்பட்ட மாவட்டங்களில் பெரம்பலூரும் அரியலூரும் அடங்கும். சாதி, வருமானம், இருப்பிடம் முதலிய சான்றிதழ்களுக்கான விண்ணப்பங்கள் கணினிவழிக்கு மாறின. மாநிலத் தரவு மையம் சென்னை பெருங்குடியில் அமைந்தது. செந்துறையிலும் வேப்பந்தட்டையிலும் ஒரே நிமிடத்தில் பதிவாகும் விண்ணப்பங்கள் தொலைவில் உள்ள ஓரிடத்தில் சேரும்போது, அங்கே ஒரு வழங்கி மட்டும் போதாது. பல வழங்கிகள் சேமிப்பகத்தைப் பகிர வேண்டிய தேவை இவ்வாறே எழுகிறது.

கம்பியின் எல்லை

1986இல் தரமாக்கப்பட்ட ஸ்கசி முறையில் ஒரு கம்பித் தொடரில் 8 முகவரிகளே இருந்தன. கணினிக்கு ஒன்று போக, 7 கருவிகளை இணைக்கலாம். பின்னர் வந்த அகலமான ஸ்கசியில் இது 16 ஆனது. கம்பியின் நீளமும் சில மீட்டர்களே என்பதால், வட்டு கணினியின் பக்கத்திலேயே இருக்க வேண்டியிருந்தது.

டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் நிறுவனம் 1983இல் வேக்ஸ் கொத்து முறையை அறிவித்தது. நடுவில் இருந்த விண்மீன் வடிவ இணைப்பி வழியாக, கணினிகளும் வட்டுக் கட்டுப்படுத்திகளும் சேர்த்து 16 முனைகள் வரை இணைந்தன.

முகவரியின் எல்லை

ஃபைபர் சேனல் தரம் 1994இல் அமெரிக்கத் தர நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்றது. இதன் வளைய அமைப்பில் 126 கருவிகள் வரை சேரலாம். நிலைமாற்றிகளைக் கொண்ட அமைப்பிலோ முகவரி 24 பிட் நீளமுடையது. கணக்குப்படி அது 1,67,77,216 முகவரிகளைத் தரும். நிலைமாற்றிகளுக்கான எண்கள் 239 மட்டுமே என்பதால், பயன்படுத்தக்கூடியவை 239 × 256 × 256, அதாவது 1,56,63,104. 2004இல் ஐஸ்கசி நெறிமுறை வெளியானபின், வழக்கமான இணைய நெறிமுறை வலையமைப்பிலேயே வட்டுகளைப் பகிர முடிந்தது. முகவரிப் பற்றாக்குறை என்ற தடை ஏறத்தாழ நீங்கிவிட்டது.

வரிசையும் பூட்டும்

முகவரி இருந்தும் இடம் கிடைக்காத நிலை உண்டு. எடுத்துக்காட்டாக, சேமிப்பகத்தின் ஓர் இணைப்பு வாயில் ஒரே நேரத்தில் 2,048 கட்டளைகளை வரிசையில் வைத்திருக்க முடியும் என்று கொள்வோம். ஒவ்வொரு வழங்கியும் 32 கட்டளைகளை அனுப்பினால், 64 வழங்கிகளுடன் அந்த வாயில் நிரம்பிவிடும்.

இதைவிடக் கடினமானது ஒரே வட்டுப்பகுதியில் பலர் எழுதுவது. இரண்டு வழங்கிகள் ஒரே பக்கத்தைப் படிக்கின்றன. ஒன்று முதல் விண்ணப்பதாரரின் பதிவையும் மற்றது இரண்டாமவரின் பதிவையும் சேர்த்து, முழுப் பக்கத்தையும் திருப்பி எழுதுகின்றன. பிந்தி எழுதியதே நிலைக்கும். முதலாமவர் கையில் ஒப்புகைச்சீட்டு இருக்கும். சேமிப்பகத்தில் அவர் பெயர் இராது.

இதைத் தடுக்கப் பூட்டு முறை தேவை. வேக்ஸ் கொத்து முறையில் 1980களிலேயே பகிர்வுப் பூட்டு மேலாளர் இருந்தது. 1990களில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஜி.எஃப்.எஸ். என்ற கோப்பு முறைமையும் இவ்வழியையே பின்பற்றியது. வழங்கிகள் கூடக்கூட, பூட்டுக்கான செய்திப் பரிமாற்றமும் காத்திருப்பும் கூடும். செயலிழந்த வழங்கி பழைய தரவை எழுதிவிடாதபடி அதைத் துண்டித்து வைக்கவும் வேண்டும். ஆகவே இங்கே எண்கள் மீண்டும் சிறுத்துவிடுகின்றன: ஜி.எஃப்.எஸ். முறைமையின் இரண்டாம் பதிப்புக்கு ரெட் ஹேட் நிறுவனம் ஆதரவளித்த உச்ச எண்ணிக்கை 16. விண்டோஸ் சர்வர் 2012இன் கொத்தில் 64.

இணைதலும் பகிர்தலும்

வலையமைப்பில் இணைவது வேறு. ஒரே வட்டுப்பகுதியைப் பகிர்வது வேறு. பெரும்பாலான தரவு மையங்களில் ஒவ்வொரு வழங்கிக்கும் தனி வட்டுப்பகுதி ஒதுக்கப்பட்டு, மற்றவை அதைக் காணாதவாறு மறைக்கப்படும். அந்த முறையில் நூற்றுக்கணக்கான வழங்கிகள் இணையலாம். ஒரே பகுதியில் எழுதுபவை மட்டும் குறைவாக இருக்கும். பொதுமக்களின் பதிவைக் காக்கும் அமைப்பில் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எத்தனை வழங்கிகள் சேரலாம் என்பதைவிட, எவை ஒரே பக்கத்தில் எழுதலாம் என்பதே.