பிள்ளைகளுக்கான அரசாங்கச் சேவைகள்: நாடாளுமன்றம் எப்படிக் கணக்குக் கேட்கிறது?

பிறப்புப் பத்திரம் வேண்டுமென்றால் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போக வேண்டும். அது உள்துறை அமைச்சின் கீழ் உள்ளது. மூன்று வயதுப் பிள்ளையைப் பட்டணத்தில் ஒரு குழந்தைக் காப்பகத்தில் விட்டால், அந்தக் காப்பகத்தைப் பதிவு செய்வது சமூக நல இலாகா. அது மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சைச் சேர்ந்தது. அதே பிள்ளை தோட்டத்தில் வளர்ந்தால், ஆயாக் கொட்டகையைப் பற்றிக் கேட்க வேண்டிய இடம் மனிதவள அமைச்சின் தொழிலாளர் இலாகா. தமிழ்ப்பள்ளியோடு இணைந்த பாலர்பள்ளி கல்வி அமைச்சுக்கும், கெமாஸ் பாலர்பள்ளி புறநகர் மேம்பாட்டு அமைச்சுக்கும், தாபிகா பெர்பாடுவான் ஒற்றுமைத்துறை அமைச்சுக்கும் உரியவை. தடுப்பூசிக்குச் சுகாதார அமைச்சு.

ஆக, பள்ளிக்கூடம் போகத் தொடங்காத ஒரு பிள்ளைக்கே ஏழு அமைச்சுகள் வந்துவிட்டன. இவை அனைத்தையும் கேள்வி கேட்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. ஆனால் அந்தக் கேள்வி எந்த வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்தே பதிலின் தரம் அமைகிறது. தோட்டத்துப் பிள்ளையின் பிரச்சினை பெரும்பாலும் இரண்டு அமைச்சுகளுக்கு நடுவில்தான் சிக்கிக்கொள்கிறது.

கேள்வி நேரம்

மக்களவையில் 222 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். திங்கள் முதல் வியாழன் வரை, காலை 10 மணிக்கு அவை கூடியதும் கேள்வி நேரம் வரும். உறுப்பினர்கள் முன்கூட்டியே கொடுத்த கேள்விகளுக்கு அமைச்சரோ துணையமைச்சரோ எழுந்து பதில் சொல்வார். அதன்மேல் துணைக் கேள்விகளும் கேட்கலாம். நேரம் முடிந்துவிட்டால் எஞ்சிய கேள்விகளுக்கு எழுத்துப்பூர்வமாகப் பதில் வரும். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது முதலில் வரும் சில கேள்விகளை மட்டுமே. அதிகம் பேசப்படாத எழுத்துப் பதில்களில்தான் பல நேரங்களில் மாவட்ட வாரியான எண்ணிக்கையும் ஒதுக்கீட்டு விவரமும் இருக்கும். செய்தி தேடுபவர்களுக்கு இது தெரியும்; வாசகர்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது.

இந்த வழியின் பலவீனம், ஒரு கேள்வி ஓர் அமைச்சுக்கு மட்டுமே போகிறது என்பது. தோட்டங்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வசதி எப்படி இருக்கிறது என்று ஓர் உறுப்பினர் மகளிர் அமைச்சைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1984-ஆம் ஆண்டின் குழந்தைக் காப்பகச் சட்டப்படி (சட்டம் 308) பதிவு பெற்ற காப்பகங்களைப் பற்றி அமைச்சு பதில் தரும். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வரோ அதற்கு மேலோ இருந்தால் அந்த இடத்தைப் பதிய வேண்டும். வீட்டிலேயே நடத்தும் காப்பகம் என்றால் பத்துப் பேருக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அளவுகோல். பதிலில் பிழை எதுவும் இருக்காது. ஆனால் தோட்ட நிர்வாகம் தன் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக வைத்திருக்க வேண்டிய காப்பகம் வேறு சட்டத்தில் இருக்கிறது. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தைச் சொல்லும் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் (சட்டம் 446) குழந்தைக் காப்பகங்களின் தரத்தையும் சேர்த்தே சொல்கிறது. அதை அமல்படுத்துவது தொழிலாளர் இலாகா. கேள்வியில் 'மனிதவள அமைச்சர்' என்ற சொல் இல்லாவிட்டால், ஆயாக் கொட்டகை பதிலுக்குள் வராமலே போய்விடும்.

2016-இல் தொடங்கிய சிறப்பு அவை (கமார் காஸ்) இன்னொரு வழி. பெரிய அவையில் இடம் கிடைக்காத தொகுதிப் பிரச்சினைகளை அங்கே எழுப்பலாம். ஒரு குறிப்பிட்ட தோட்டம், ஒரு குறிப்பிட்ட பாலர்பள்ளி என்று பெயர் சொல்லிக் கேட்க அதுவே பொருத்தமான இடம்.

பட்ஜெட் காலம்

அக்டோபரில் பட்ஜெட் தாக்கலாகும்போது எல்லோருடைய கண்ணும் நிதியமைச்சரின் உரையில்தான் இருக்கும். 2025-ஆம் ஆண்டுக்கான பட்ஜெட்டில், சமூக நல இலாகாவின் உதவி பெறும் குடும்பங்களில் ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைக்கான மாதத் தொகை 200 ரிங்கிட்டிலிருந்து 250 ரிங்கிட்டாக உயர்ந்தது. அதற்குப் பிறகு நடக்கும் குழுநிலை விவாதத்தில் ஒவ்வோர் அமைச்சின் ஒதுக்கீட்டையும் தனித்தனியாக எடுத்துப் பேசுவார்கள். தொகை உயர்ந்ததா என்பதோடு நிற்காமல், விண்ணப்பங்களை விசாரிக்க மாவட்ட அலுவலகத்தில் எத்தனை அதிகாரிகள் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டிய கட்டம் அது. செலவான பணத்தைப் பிறகு தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையும், மக்களவையின் பொதுக் கணக்குக் குழுவும் பார்க்கின்றன.

சிறப்புத் தேர்வுக் குழு

பல அமைச்சுகளை ஒரே மேசையில் உட்கார வைத்துக் கேட்கக்கூடிய அமைப்பு நாடாளுமன்றச் சிறப்புத் தேர்வுக் குழுதான். 2018-க்குப் பிறகே நம் நாட்டில் இவை துறைவாரியாக அமையத் தொடங்கின. தற்போதைய 15-ஆவது நாடாளுமன்றத்தில் மகளிர், சிறார், சமூக மேம்பாட்டுக்கென்று ஒரு குழு அமைந்தது. 2023-இல் பூச்சோங் நாடாளுமன்ற உறுப்பினர் இயோ பீ யின் அதன் தலைவரானார். அரசாங்கத் தரப்பின் பின்வரிசை உறுப்பினர்களும் எதிர்க்கட்சியினரும் இத்தகைய குழுவில் சேர்ந்து உட்காருகிறார்கள். அதிகாரிகளை வரவழைக்கலாம், நிபுணர்களையும் தொண்டு அமைப்புகளையும் கேட்கலாம், அறிக்கை தாக்கல் செய்யலாம்.

ஆனால் குழு பரிந்துரைக்கத்தான் முடியும், உத்தரவு போட முடியாது. நாடாளுமன்றம் கலைந்தால் குழுவும் கலைந்துவிடும். அடுத்த குழு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இன்னொரு குறை ஆள்பலம். நாடாளுமன்றத்துக்குத் தன் சொந்தப் பணியாளர்களை வைத்துக்கொள்ள வழிசெய்த 1963-ஆம் ஆண்டுச் சட்டம் 1992-இல் நீக்கப்பட்டது. அமைச்சுகளைக் கேள்வி கேட்க வேண்டிய அவை, பணியாளர்களுக்கு அரசாங்கத்தையே நம்பியிருந்தது என்பது விசித்திரம்தான். புதிய நாடாளுமன்றச் சேவைச் சட்ட மசோதா 2025 மார்ச்சில் மக்களவையில் நிறைவேறியது. பிள்ளைகள் விஷயத்தில் இது தொலைதூரச் செய்தியல்ல. ஏழு அமைச்சுகளின் புள்ளிவிவரங்களை ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வாளர்கள் இல்லாத குழு, அமைச்சு கொடுக்கும் தாளையே திருப்பி வாசிக்க நேரிடும்.

2019-இல் மனித உரிமை ஆணையமான சுஹாகாமில் சிறார் ஆணையர் பதவி உருவாக்கப்பட்டது. 2023-இல் டாக்டர் ஃபாரா நினி டுசுக்கி அப்பொறுப்பை ஏற்றார். சுஹாகாம் தன் ஆண்டறிக்கையை நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் 1999-இல் சட்டம் இயற்றப்பட்டும், அறிக்கையை மக்களவை விவாதத்துக்கு எடுத்துக்கொண்டது 2019 டிசம்பரில்தான்.

குடியுரிமைத் திருத்தம் காட்டியது

நம் குடும்பங்களை நேரடியாகத் தொடும் உதாரணம் 2024-இல் நடந்தது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு மலேசியத் தாயின் வழியாகவும் தானாகக் குடியுரிமை கிடைக்கச் செய்யும் அரசியலமைப்புத் திருத்தம் அக்டோபர் 17 அன்று மக்களவையில் நிறைவேறியது. தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்கு 148 வாக்குகள்; கிடைத்தவை 206. தாய்மார்கள் பல ஆண்டுகள் போராடிப் பெற்றது அது.

அதே மசோதாவில் வேறு சிலவும் இருந்தன. கைவிடப்பட்ட குழந்தைகளையும், எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இங்கே பிறப்பவர்களையும் பாதிக்கக்கூடிய இரண்டு திருத்தங்களைக் கடுமையான எதிர்ப்புக்குப் பிறகு அரசாங்கம் 2024 மார்ச்சில் கைவிட்டது. மற்றவை நின்றன. சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளை, அந்த அடிப்படையில் தானாகக் குடிமகனாகும் வழி நீக்கப்பட்டது. சிறப்புச் சூழலில் பிள்ளையைக் குடிமகனாகப் பதியும் 15ஏ பிரிவின் வயது வரம்பு 21-லிருந்து 18-ஆகக் குறைக்கப்பட்டது. இவை நடைமுறைக்கு வரும் தேதியைப் பதிவு இலாகாவிடம் நேரில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

வயது வரம்பு குறைந்ததை நம்மவர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே தோன்றுகிறது. கோயிலில் தாலி கட்டிவிட்டு, 1982 மார்ச் முதல் கட்டாயமான திருமணப் பதிவைச் செய்யாமல் விட்ட குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அப்படிப்பட்ட பெற்றோரின் பிள்ளைக்குச் சட்டம் தாயின் குடியுரிமையை மட்டுமே பார்க்கும். தாயிடம் குடியுரிமை இல்லையென்றால், தந்தை நீல அடையாள அட்டை வைத்திருந்தும் பயனில்லை. இத்தகைய பிள்ளைகளுக்கு 15ஏ விண்ணப்பமே முக்கியமான வாசல். இனி அந்த வாசலில் மூன்று ஆண்டுகள் குறைவு. எத்தனை விண்ணப்பங்கள் எத்தனை ஆண்டுகளாகக் காத்திருக்கின்றன, காத்திருக்கும்போதே 18 வயதைக் கடப்பவர்களின் நிலை என்ன என்பவை ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் உள்துறை அமைச்சிடம் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

உங்கள் பிரச்சினை அவைக்குப் போக

உங்கள் தொகுதி உறுப்பினர் எந்தக் கட்சி, எந்த இனம் என்பது தடையல்ல. கூட்டத்தொடர் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே அவரது சேவை மையத்துக்குப் போங்கள். தொடங்கிய பிறகு போனால் கேள்வி கொடுக்கும் கெடு முடிந்திருக்கலாம். 'எங்கள் தோட்டத்தில் வசதி இல்லை' என்ற பொதுவான மனுவை வைத்து அவரால் பெரிதாக எதுவும் கேட்க முடியாது. எந்த அலுவலகம், விண்ணப்பித்த தேதி, மேற்கோள் எண், கிடைத்த பதில் கடிதத்தின் நகல் ஆகியவை இருந்தால் கேள்வி கூர்மையாகும். ஒரே தோட்டத்தில் ஐந்து குடும்பங்களுக்கு ஒரே சிக்கல் என்றால் ஐந்தையும் சேர்த்துக் கொடுங்கள். அமைச்சரின் பதில் பிறகு நாடாளுமன்ற இணையத்தளத்தில் உள்ள ஹன்சார்ட் பதிவில் வரும். மலாய்மொழியில் இருக்கும், தோட்டத்தின் பெயரையோ மாவட்டத்தின் பெயரையோ கொண்டு தேடலாம்.

துன்புறுத்தல் தொடர்பான விஷயமென்றால் அவைக்காகக் காத்திருக்கக் கூடாது. தாலியான் காசே 15999 எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ உடனே சொல்ல வேண்டும். பிள்ளையின் படத்தையும் பெயரையும் முகநூலில் போட்டு நியாயம் கேட்கும் பழக்கம் பெருகிவருகிறது. 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டம் (சட்டம் 611), 15-ஆவது பிரிவில், இத்தகைய பிள்ளைகளை அடையாளம் காட்டும் விவரங்களை ஊடகங்கள் வெளியிடுவதைத் தடுக்கிறது. எம்.பி.யிடம் கொடுக்கும் கடிதத்தில் பெயர் இருக்கலாம். அதை உறையில் போட்டு, அவரிடமோ அவர் உதவியாளரிடமோ கையில் கொடுங்கள்.