நெகிழிப் பொருள்களில் வேதிப்பொருள் எச்சரிக்கை: கலிபோர்னியாவின் 65ஆம் முன்மொழிவு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் விற்கப்படும் பல நெகிழிப் பொருள்களில், மஞ்சள் முக்கோணத்தினுள் வியப்புக்குறியும் அதனருகே ‘எச்சரிக்கை’ என்னும் சொல்லும் இடம்பெறுகின்றன. அவ்வாசகத்தின் பொருளையும் வரம்பையும் நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிந்திருத்தல் நலம்.

சட்டம் கூறுவது என்ன?

1986ஆம் ஆண்டு வாக்காளர்களின் ஒப்புதலால் நிறைவேறிய இச்சட்டத்தின்படி, புற்றுநோயையோ, பிறவிக் குறைபாட்டையோ, இனப்பெருக்கப் பாதிப்பையோ உண்டாக்கும் வேதிப்பொருள்களின் பட்டியலை மாநில அரசு வெளியிடுகிறது. இன்று அதில் ஏறத்தாழ 900 பொருள்கள் உள்ளன. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள், இவற்றுக்கு மக்களைக் குறிப்பிடத்தக்க அளவில் ஆட்படுத்தும் முன் எச்சரிக்க வேண்டும். மீறினால், ஒவ்வொரு மீறலுக்கும் நாளொன்றுக்கு 2,500 டாலர் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

நெகிழியில் காணப்படுபவை

• டி.இ.எச்.பி.: பி.வி.சி. நெகிழியை மென்மையாக்கும் தாலேட்டு. புற்றுநோய்க் காரணியாக 1988இலும், கருவளர்ச்சிக்கும் ஆண் இனப்பெருக்கத்திற்கும் தீங்கானதாக 2003இலும் பட்டியலில் சேர்க்கப்பட்டது.
• பிஸ்பீனால் ஏ: பாலிகார்பனேட் நெகிழியில் உள்ளது. பெண் இனப்பெருக்கத்திற்குத் தீங்கானதாக 2015இல் சேர்க்கப்பட்டது.
• பிஸ்பீனால் எஸ்: அதற்கு மாற்றாகப் பயன்படுவது. இதுவும் 2023இல் சேர்க்கப்பட்டது. எனவே ‘பிஸ்பீனால் ஏ இல்லாதது’ என்ற குறிப்பு மட்டுமே முழுப் பாதுகாப்பைக் குறிக்காது.

எச்சரிக்கையை எவ்வாறு புரிந்துகொள்வது?

இவ்வாசகம் அப்பொருளைத் தடை செய்வதில்லை. அதனால் நோய் வரும் என்றும் உறுதி கூறுவதில்லை. வேதிப்பொருளின் அளவையும் அது தெரிவிப்பதில்லை. புற்றுநோய்க் காரணிகளுக்கான வரம்பு மிகக் கண்டிப்பானது: 70 ஆண்டுகள் தொடர்ந்து ஆட்படும் ஒரு இலட்சம் பேரில் கூடுதலாக ஒருவருக்கு மேல் நோய் ஏற்படாத அளவே அவ்வரம்பு. முன்னர் வேதிப்பொருளின் பெயரின்றியே சுருக்க எச்சரிக்கை அச்சிடப்பட்டது. 2025இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, குறைந்தது ஒரு வேதிப்பொருளின் பெயரையேனும் அதில் குறிப்பிட வேண்டும். இதற்கான கால அவகாசம் 2028 சனவரி 1 வரை உள்ளது.

மருத்துவக் குழாய்களும் பைகளும்

சில இரத்தப் பைகளிலும் சிரைவழித் திரவக் குழாய்களிலும் டி.இ.எச்.பி. உள்ளது. தீவிர சிகிச்சையிலுள்ள ஆண் பச்சிளங்குழந்தைகளுக்கு மாற்றுக் கருவி கிடைக்குமா என மருத்துவரிடம் கேட்கலாம். ஆயினும், தேவையான சிகிச்சையை அஞ்சித் தவிர்ப்பதே பெரும் ஆபத்து என்பதை நினைவில் கொள்க.

வீட்டில் செய்யத்தக்கவை

• நெகிழிக் கலங்களில் உணவைச் சூடாக்காதீர்; சூடான அல்லது எண்ணெய் மிகுந்த உணவை அவற்றில் வைக்காதீர்.
• கண்ணாடி, எவர்சில்வர் கலங்களைப் பயன்படுத்துக.
• கீறல் விழுந்த நெகிழிப் புட்டிகளை மாற்றுக.
• குழந்தைகள் உணவுண்ணும் முன் கைகளைக் கழுவச் செய்க.

கருவுற்றோரும், குழந்தை பெறத் திட்டமிடுவோரும் ஐயமிருப்பின் தம் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.