யார் தெரிவிப்பது? சிங்கப்பூரில் மருத்துவர் ஒழுங்குமுறையும் மருத்துவமனைகளின் பொறுப்பும்

2011 செப்டம்பரில் சிங்கப்பூரில் வேலை பார்த்த வெளிநாட்டுக் கட்டுமான ஊழியர் ஒருவர் விழுந்து கையெலும்பை முறித்துக்கொண்டார். தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை நடந்தது. அவருக்குக் கிடைத்த மருத்துவ விடுப்போ 2 நாள்தான். அதன்பின் ‘லைட் டியூட்டி’ எனப்படும் இலகுவேலை. ஊழியர் நலனுக்காக இயங்கும் ‘ஹோம்’ அமைப்பு சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் புகார் கொடுத்தது. ஒழுங்கு நடுவர் குழு மருத்துவரை விடுவித்தது. மன்றம் மேல்முறையீடு செய்ய, 2016இல் மூன்று நீதிபதிகள் அடங்கிய நீதிமன்றம் அவரை 6 மாதம் இடைநீக்கம் செய்தது. இலகுவேலை என்று எழுதும் முன், அப்படியொரு வேலை அந்தத் தளத்தில் இருக்கிறதா, காயம் ஆற இடமிருக்குமா என்று மருத்துவர் விசாரித்திருக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. புகார் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் யாரும் அதிகம் பேசவில்லை. அண்மைக் காலத்தில் பெயர் பெற்ற வேறு மூன்று வழக்குகளையும் உடன் வைத்துப் பார்க்கலாம். புருணை அரச குடும்பத்து நோயாளியிடம் அளவு மீறிக் கட்டணம் வாங்கியதாக அறுவை மருத்துவர் ஒருவர்மீது வந்த புகார், 2013இல் 3 ஆண்டு இடைநீக்கம் உறுதியானதில் முடிந்தது. அதைக் கொடுத்தது சுகாதார அமைச்சு. ஊசிமருந்தின் பக்கவிளைவைச் சொல்லவில்லை என்று எலும்பு மருத்துவர் ஒருவருக்கு 100,000 வெள்ளி அபராதம் விதித்து, 2019இல் ரத்தான வழக்கில் புகார்தாரர் நோயாளி. அதே ஆண்டில் ரத்தான மனநல மருத்துவரின் 50,000 வெள்ளி அபராதத்துக்குப் பின்னாலும் நோயாளியின் புகாரே. நோயாளி, அமைச்சு, தொண்டமைப்பு என்று எல்லோரும் இருக்கிறார்கள். மருத்துவமனை மட்டும் இல்லை.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. நீரிணைக் குடியேற்றங்களில் மருத்துவர் பதிவுச் சட்டம் 1905இல் வந்தது; மருத்துவப் பள்ளி தொடங்கியதும் அதே ஆண்டுதான். பதிவேட்டில் யார் இருக்கலாம் என்பதே அன்றைய கவலை. 1997ஆம் ஆண்டின் மருத்துவப் பதிவுச் சட்டமும் புகார் வந்தால் விசாரிப்பது என்ற தடத்திலேயே நடந்தது. புகார்தாரர் சத்தியப்பிரமாண வாக்குமூலத்தோடு வர வேண்டும். அரசு அதிகாரிகளுக்கு விலக்கு உண்டு. மருத்துவமனைகளை வேறொரு சட்டம், 1980ஆம் ஆண்டின் தனியார் மருத்துவமனை, மருந்தகச் சட்டம், கவனித்தது. அதன்கீழ் இயங்கிய தர உறுதிக் குழுக்களின் ஆவணங்களை வழக்கில் கேட்டுப் பெற முடியாதபடி பாதுகாப்பும் இருந்தது. தவற்றை மனம்விட்டுப் பேச வைக்க அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் உள்ளே தெரிந்தது உள்ளேயே தங்கிவிடவும் அது வசதி.

சட்டமாக எழுதிவிட்டால் மட்டும் மருத்துவமனைகள் தெரிவித்துவிடுமா? அமெரிக்கா 1986இல் அப்படி எழுதிப் பார்த்தது. ஒரு மருத்துவர் அங்கே சிகிச்சையளிக்கும் உரிமையை 30 நாளுக்கு மேல் முடக்கினால் மருத்துவமனை தேசியத் தரவு வங்கிக்கு அறிவிக்க வேண்டும். வங்கி 1990 செப்டம்பரில் திறந்தது. 1993 முடிவுவரை ஏறத்தாழ 75 விழுக்காடு மருத்துவமனைகள் ஒரு அறிக்கைகூட அனுப்பவில்லை என்று அரசுத் தணிக்கையே கண்டது. 2007 முடிவிலும் பாதிக்குப் பக்கம் அப்படியே இருந்ததாக ‘பப்ளிக் சிட்டிசன்’ அமைப்பு 2009இல் வெளியிட்டது. 30 நாளுக்குள் முடியும்படி தண்டனையைச் சுருக்குவது அங்கு தெரிந்த தந்திரம்.

எண்ணால் கோடு போட்டால் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்ள ஆசை வரும். சிங்கப்பூரின் எம்.சி. எனும் மருத்துவ விடுப்புச் சீட்டிலும் அப்படியொரு கோடு இருந்தது. 3 நாளுக்கு மேல் விடுப்பு எழுதினால்தான் முதலாளி விபத்தை மனிதவள அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும் என்பது அன்றைய விதி. (24 மணி நேரம் மருத்துவமனையில் படுத்திருந்தால் அதுவும் அறிவிப்புக்குரியதே.) லிட்டில் இந்தியாவில், காயம்பட்ட ஊழியர்களுக்கு ‘டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ’ அமைப்பு 2008 முதல் இலவச உணவு தருகிறது. இழப்பீட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருப்போர் வரும் இடம் அது. இரண்டு தேதியும் ஒரு கையெழுத்துமாக இருக்கும் அந்தச் சீட்டின் விலை அங்கே தெரியும். லைட் டியூட்டி என்று எழுதிவிட்டால் அன்றைய விதிப்படி அது விடுப்புக் கணக்கில் சேராது, இழப்பீடும் கிடையாது.

2020 செப்டம்பர் 1 முதல் மனிதவள அமைச்சு அந்தக் கோட்டையே அழித்துவிட்டது. ஒரு நாள் விடுப்பானாலும் இலகுவேலையானாலும் அறிவித்தாக வேண்டும். இலகுவேலை நாளுக்கும் இழப்பீடு உண்டு. மருத்துவப் பதிவுச் சட்டத்துக்கும் அதே ஆண்டு திருத்தம் வந்து, 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வீண் புகார்களைத் தொடக்கத்திலேயே சலிக்க விசாரணைக் குழு, மன்றத்தைச் சாராத ஒழுங்கு ஆணையம், 6 ஆண்டுக்கு மேற்பட்ட பழைய சம்பவங்களுக்குக் கட்டுப்பாடு என்று பலவும் அதில் உண்டு. மருத்துவருக்கு இது நியாயமான சீர்திருத்தம், மறுப்பதற்கில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பிவிட்ட ஊழியருக்கு அந்த 6 ஆண்டு எளிதில் கைநழுவும். அவர் பேச முடியாதபோது, உள்ளே தெரிந்த மருத்துவமனைதான் பேச வேண்டும்.

ஆகவே சுகாதார அமைச்சிடம் கேட்க வேண்டியது இதுதான்: ஒழுங்குக் காரணத்துக்காக ஒரு மருத்துவமனை தன் மருத்துவரின் சிகிச்சை உரிமையைக் குறைத்தால், அது ஒரு நாளுக்கே ஆனாலும், மருத்துவ மன்றத்துக்குத் தெரிவிப்பதை மருத்துவமனையின் உரிம நிபந்தனையாகவே எழுதி வையுங்கள்.