பட்டியலில் இல்லாத நொய்யல்: நீர்ப் பயன்பாட்டு வகைப்பாட்டை வாசிக்கும் முறை குறித்து

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் வெளியிட்ட மாசுபட்ட ஆற்றுப்பகுதிகளின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து காவிரி, பவானி, தாமிரபரணி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி என்ற ஆறு ஆறுகள் இடம்பெற்றன. நொய்யல் இல்லை. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டப்பட்டதும், பாசனத்துக்கான அந்த அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியதும், 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையும், 2009-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்ததும், 2011 ஜனவரி இறுதியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவானதும் இத்துறையினர் நன்கறிந்தவை. இவ்வளவு வழக்கு வரலாறு உடைய ஓர் ஆறு நாட்டின் மாசுப் பட்டியலில் ஏன் இல்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை எளிமையானது. பட்டறைகள் பூஜ்ஜியக் கழிவு வெளியேற்றத்துக்கு மாறின, ஆறு மீண்டது, எனவே பட்டியலில் இல்லை என்பார்கள். 2018-இல் 351 ஆக இருந்த மாசுபட்ட பகுதிகள் 2022-இல் 311 ஆகக் குறைந்ததை நாடு தழுவிய முன்னேற்றமாக வாசிப்பதும் இதே போக்கின் நீட்சிதான். இந்த வாசிப்பு தவறானது என்பது என் நிலைப்பாடு. தவறு அளவீட்டில் இல்லை. பட்டியலுக்கு அடியில் இருக்கும் ஒரு சிறிய அட்டவணையைப் புரிந்துகொண்ட விதத்தில் இருக்கிறது.

பட்டியல் ஒரே ஓர் அளவையை நம்பி நிற்கிறது. உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது பி.ஓ.டி., லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் அப்பகுதி மாசுபட்டது. 30-ஐத் தாண்டினால் முதல் முன்னுரிமை. 3 முதல் 6 வரை என்றால் ஐந்தாம் முன்னுரிமை. இந்த 3 என்ற எல்லை அதே வாரியத்தின் ‘உகந்த பயன்பாட்டு’ வகைப்பாட்டிலிருந்து, குளிப்பதற்கான ‘பி’ வகையிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த வகைப்பாட்டில் ஐந்து வகைகள் உண்டு. ‘ஏ’ கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்க, ‘பி’ குளிக்க, ‘சி’ முழுமையாகச் சுத்திகரித்துக் குடிக்க, ‘டி’ மீனுக்கும் கானுயிருக்கும், ‘ஈ’ பாசனத்துக்கும் ஆலைக் குளிர்விப்புக்கும். முந்தைய ஆய்வு மரபு இதை மேலிருந்து கீழே இறங்கும் ஏணியாகவே கொள்கிறது. குளிக்கத் தகுந்த நீர் பாசனத்துக்குத் தகாமலா போகும் என்பது அதன் சொல்லப்படாத அனுமானம்.

அட்டவணையை வரிவரியாகப் படித்தால் இந்த அனுமானம் நிற்பதில்லை. ‘ஏ’ வகைக்குக் கேட்கப்படுபவை நான்கு: கோலிஃபார்ம் 100 மில்லிலிட்டருக்கு 50-க்குள், கார அமிலத்தன்மை 6.5 முதல் 8.5 வரை, கரைந்த ஆக்சிஜன் குறைந்தது 6 மில்லிகிராம், பி.ஓ.டி. 2 மில்லிகிராமுக்குள். ‘பி’, ‘சி’ இரண்டும் இதே நான்கின் தளர்ந்த வடிவங்கள். உப்பைப் பற்றி மூன்றிலும் ஒரு சொல் இல்லை. ‘டி’ வகையில் தனி அம்மோனியா வருகிறது, உப்பு வரவில்லை. கடைசிப் படியாகக் கருதப்படும் ‘ஈ’ வகையில்தான் மின்கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 2,250 மைக்ரோசீமென்ஸ், சோடியம் உறிஞ்சு விகிதம் 26, போரான் 2 மில்லிகிராம் என்ற எல்லைகள் தோன்றுகின்றன. அங்கே பி.ஓ.டி. கிடையாது. ஒரு படியின் நிபந்தனைகள் மேற்படிக்குள் அடங்காதபோது அதை ஏணி என்று எப்படிச் சொல்வது? ‘ஏ’ வகையில் தேறிய நீர் ‘ஈ’ வகையில் தோற்க அட்டவணையே இடம்தருகிறது.

இதன் எல்லையைச் சோதிக்கக் கடல்நீரையே எடுத்துக்கொள்ளலாம். கரையிலிருந்து விலகிய தூய கடல்நீரின் கார அமிலத்தன்மை ஏறத்தாழ 8.1. இருபத்தைந்து டிகிரி வெப்பத்தில் அதில் 6 மில்லிகிராமுக்குச் சற்று மேலாகவே ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். பி.ஓ.டி. மிகக் குறைவு; கோலிஃபார்மும் அப்படியே. மின்கடத்துத்திறன் 50,000-ஐ ஒட்டிய அந்த நீர் காகிதத்தில் குடிநீர் ஆதாரமாகத் தேறிவிடும். வகைப்பாட்டை வகுத்தவர்கள் உள்நாட்டு ஆறுகளை மனத்தில் வைத்து, சாக்கடைக் கலப்பையே முதன்மைச் சிக்கலாகக் கொண்டார்கள் என்று கருத இடமுண்டு. அந்த நோக்கத்துக்கு அட்டவணை பொருத்தமானதே. உதாரணம் மிகையானது என்று சிலர் சொல்லக்கூடும். உப்பு நதியைக் காண அட்டவணைக்குக் கண் இல்லை என்பதை அது காட்டுகிறதா என்பதே கேள்வி, காட்டுகிறது.

இனி நொய்யலுக்கு வருவோம். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். நீரில் நனைந்த பருத்தி இழைக்கும் எதிர்மின்னூட்டம், சாயத்துக்கும் எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை அடக்கவே சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ இடுகிறார்கள். அடர்ந்த நிறங்களுக்கு ஒரு லிட்டர் கரைசலுக்கு 60, 80 கிராம்கூடத் தேவைப்படும். சாயம் இழையில் தங்குகிறது. உப்பு எதிலும் தங்குவதில்லை. போட்ட அளவு அப்படியே கழிவுநீரில் வெளியே வருகிறது. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் இட்டு நிறத்தைப் படியவைத்து, காற்றூட்டித் தொட்டியில் கரிமத்தைக் குறைக்கும் வழக்கமான சுத்திகரிப்பு இந்த உப்பைத் தொடுவதே இல்லை. வெளியேறும் நீர் தெளிந்திருக்கும், பி.ஓ.டி. சோதனையிலும் தேறலாம்; வயலுக்குப் பாய்ச்சினால் மண் வெளுத்துப் பூக்கும். சோடியம் களிமண்ணிலுள்ள கால்சியத்தை இடம்பெயர்த்து மண்ணின் கட்டமைப்பைச் சிதைக்கிறது. மேல்மண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்கி நிற்கிறது. தென்னை ஓலை நுனியிலிருந்து கருகத் தொடங்குகிறது. ஒரத்துப்பாளையம் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்தில் முறையிட்டது இந்த இழப்பைத்தான்.

சட்டபூர்வமான வெளியேற்ற எல்லையையும் பாசன எல்லையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. கழிவுநீரில் மொத்தக் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது நெடுநாளைய தரநிலை. வழக்கமான 0.64 என்ற காரணியால் மாற்றினால் இது ஏறத்தாழ 3,280 மைக்ரோசீமென்ஸ், காரணியை 0.7 என்று தாராளமாக எடுத்தாலும் 3,000. பாசன எல்லையோ 2,250. அதாவது சட்டத்துக்கு முழுமையாகக் கட்டுப்பட்ட கழிவுநீர்கூடப் பாசனத்துக்குத் தகாதது. இந்த முரண் ஆற்றின் நீர்த்துப்போகச் செய்யும் ஆற்றலை நம்பி உருவானது. இங்கிலாந்தின் கழிவுநீர் ஆணையம் 1912-இல் வகுத்த தரநிலையும் கழிவுநீரைப்போல எட்டு மடங்கு ஆற்றுநீர் இருக்கும் என்று கொண்டே எழுதப்பட்டது. மழைக்காலத்தில் சில நாள் பெருகி, மற்ற மாதங்களில் சாக்கடையும் சாயத்தண்ணியுமே ஓட்டமாக இருந்த நொய்யலில் எட்டு மடங்குக்கு எங்கே போவது?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நொய்யலின் பி.ஓ.டி. 3-க்குக் கீழே இருந்தது என்று நான் வாதிடவில்லை. திருப்பூர், கோவை நகரங்களின் வீட்டுக் கழிவுநீரைக் கருதினால் அப்படி இருந்திருக்க வாய்ப்பு குறைவு. விடுபட்டதற்குக் கண்காணிப்பு நிலையங்களின் அமைவிடமும் காரணமாக இருக்கலாம்; பட்டியல் விடுபட்டவற்றுக்குக் காரணம் சொல்வதில்லை. சென்னையின் கூவமும் 2018 பட்டியலில் இல்லை. 2022-இல் ஆவடி முதல் சத்யா நகர் வரையிலான கூவம் 345 மில்லிகிராம் பி.ஓ.டி.யுடன் நாட்டிலேயே மோசமான பகுதியாக இடம்பெற்றது. நான்காண்டில் கூவம் திடீரென்று கெட்டது என்று சென்னையில் எவரும் சொல்லமாட்டார்கள். எனவே 351-இலிருந்து 311-ஐக் கழித்து வரும் 40-ஐ மீட்சியின் அளவாகக் கொள்ள ஆதாரம் போதாது; எங்கே அளந்தார்கள் என்பது மாறியபோது எண்ணும் மாறியிருக்கும்.

ஒற்றை அளவை மாநிலங்களுக்கிடையே ஒப்பீட்டை எளிதாக்குகிறது என்ற மறுப்பு எதிர்பார்க்கத்தக்கது. எளிதாக்குகிறது, உண்மை. ஆனால் மின்கடத்துத்திறனை ஆற்றங்கரையில் நின்றபடியே ஒரு கைக்கருவியால் ஒரு நிமிடத்தில் அளக்கலாம், பி.ஓ.டி.க்கோ மாதிரியை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்திருக்க வேண்டும், நச்சோ உப்போ மிகுந்தால் நுண்ணுயிர் முடங்கி விடை குறைத்தும் காட்டும். உப்பு சில ஊர்களின் தனிச்சிக்கல் என்பாரும் உண்டு. பாலாற்றங்கரையின் தோல்பட்டறைப் பகுதிகளையும் ராஜஸ்தானின் பாலி நகரச் சாயக்கழிவு ஓடும் பாண்டி ஆற்றையும் பார்த்தபின் அவ்வாதத்தை நீட்டத் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டு நீர் நெறிமுறை எந்தக் கூறு மிக மோசமோ அதையே நீர்நிலையின் நிலையாகக் கொள்கிறது. அது கடுமையானது, தேறும் ஆறுகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறது என்ற குறை அங்கேயே எழுந்தது. மாசை எண்ணுவதற்கு அது குறையாக எனக்குத் தோன்றவில்லை.

மீட்சியைப் பற்றிய தீர்ப்பு இந்த வாசிப்பால் மாறுகிறது. கழிவு நின்றதும் ஓடும் நீரின் பி.ஓ.டி. சில வாரங்களில் இறங்கிவிடும். கொங்குப் பகுதியின் கடும்பாறை விரிசல்களில் இறங்கிய உப்பு அப்படி வெளியேறாது. நல்ல மழையும், மண்ணுக்கு ஜிப்சமும், உப்பைக் கழுவ நன்னீரும், பல ஆண்டுகளும் வேண்டும். ஆற்றில் மட்டும் மாதிரி எடுத்து நொய்யல் மீண்டது என்று அறிவித்தால் அணைக்குக் கீழே கிணறு வைத்திருப்பவரின் இழப்பு கணக்கில் ஏறாது. ஆகவே ஒரத்துப்பாளையம் ஆயக்கட்டுக் கிணறுகளில் பருவமழைக்கு முன்னும் பின்னும் மின்கடத்துத்திறனும் சோடியம் விகிதமும் தொடர்ந்து அளக்கப்பட்டு, ‘ஈ’ வகையின் எல்லைக்குள் அவை நிற்கும்வரை, நொய்யலை மாசுபட்ட ஆறாகவே பட்டியலில் வைக்க வேண்டும்.