பிக்சல்

படங்களைக் குறிக்க அமெரிக்கப் பத்திரிகைகளில் வழங்கிய 'பிக்ஸ்' என்னும் குறுக்கமும், அடிப்படை அம்சம் எனப் பொருள்படும் 'எலிமெண்ட்' என்பதன் முதலசையும் கூடிப் பிறந்த இச்சொல், சந்திரனுக்கும் செவ்வாய்க்கும் சென்ற விண்கலங்களின் படங்களைப் பற்றிப் பிரெட் பில்லிங்ஸ்லி 1965-இல் எழுதிய கட்டுரைகளில் அச்சேறியது.

ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்திலோ, பிக்சல் என்பது, துகள்களின் மோதலில் தோன்றிய மின்னூட்டத் துகள் ஊடுருவிச் செல்லுங்கால் சிலிக்கனில் விடுபடும் எலக்ட்ரான்களைச் சேகரித்து, அது கடந்த ஸ்தானத்தை அறிவிக்கும் நுண்கட்டமாகும். அங்கே ஆலிஸ் சோதனையில் 2021-இல் பொருத்தப்பெற்ற கருவியில் இத்தகைய கட்டங்கள் சுமார் 1,250 கோடி; அதன் உள்ளடுக்குச் சில்லுகளின் கனமோ 50 மைக்ரோமீட்டர், ஏறக்குறைய ஒரு தலைமயிரளவு. கனத்த பொருளினூடே செல்லும் துகள், முக்கியமாக வேகம் குன்றியது, அணுக்கருக்களால் சிறுகச் சிறுகத் திசை திரிந்து தன் ஜன்மஸ்தானத்தை மறைத்துவிடுமாதலால் இந்த மெலிவு அவசியமாயிற்று. மெலிந்தாலோ, மைக்ரோமீட்டருக்குச் சுமார் 80 எலக்ட்ரான்களே விடுபடும் சிலிக்கனில் சமிக்ஞையும் சொற்பமாகிவிடும். அதனைக் கட்டத்துக்குள்ளேயே பெருக்கியமைத்த சாமர்த்தியம் மெய்யாகவே வியக்கத்தக்கது. 'படப்புள்ளி' என்னும் தமிழாக்கம் திரைக்குப் பொருந்தும். இந்தக் கருவிக்குப் பிக்சல் என்றே வழங்குதல் உசிதம்.