வீடு தேடிய காதலன்

வரலாற்றுக்குச் சான்று தேடுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாடுவர். அரசாங்க அறிக்கைகளைப் புரட்டுவர். நானோ இன்று ஒரு காதல் நகைச்சுவைப் படத்தைச் சாட்சிக்கு அழைக்கின்றேன். மோகன் செகலின் இயக்கத்தில் 1956ஆம் ஆண்டு வெளிவந்த ‘நியூ டெல்லி’ என்னும் இந்திப் படமே அது.

கதை எளியது. ஆனந்த் என்னும் பஞ்சாபி இளைஞன் தலைநகருக்கு வருகின்றான். குடியிருக்க இடமில்லை, வீட்டுக்காரர்கள் தத்தம் பகுதியாருக்கே இடம் தருவர். வேறு வழியின்றித் தமிழனாக வேடம் பூண்டு ஓர் அறையைப் பெறுகின்றான். ஜானகி என்னும் தமிழ்ப் பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுக்கின்றான். அப்புறம் நேரும் குழப்பங்களே படம்.

இது வெறுங்கற்பனை அன்று. 1941இல் டெல்லியின் மக்கள்தொகை ஏறத்தாழ 9 லட்சம். 1951இலோ 17 லட்சத்துக்கும் மேல். 1947இல் நாடு துண்டானபோது வீடிழந்து வந்த பஞ்சாபியர் ஒருபுறம், அலுவலக வேலைக்கென வந்த தென்னாட்டார், வங்காளியர் மறுபுறம். ஓர் அறைக்குப் பலர் கைநீட்டும்போது, “நீ எந்த ஊர்?” என்னும் வினா கூர்மையடைவது இயல்புதானே!

அக்காலத்தில் நாடெங்கும் அதே வினாதான். தனி ஆந்திரம் வேண்டிச் சென்னையில் உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உயிர் நீத்தார். 1953 அக்டோபரில் ஆந்திரம் பிறந்தது. பஸல் அலி குழு 1955இல் அறிக்கை அளித்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள், 14 மாநிலங்களும் 6 மத்திய ஆட்சிப் பகுதிகளுமாக நாட்டின் படம் மாற்றி வரையப்பட்டது. மொழிவழி மாநிலம் நியாயமானது என்பதே என் கருத்து. ஆனால் மாநில எல்லையை வாடகை வீட்டு வாயிலிலும் வரையலாமா என்று அப்படம் சிரித்துக்கொண்டே கேட்டது.

நடிகர்களைப் பாருங்கள்! ஆனந்தாக நடித்த கிஷோர் குமார், மத்திய இந்தியாவின் கண்ட்வா நகரில் பிறந்த வங்காளி. ஆக, ஒரு வங்காளி பஞ்சாபியாகி, அப்பஞ்சாபி தமிழனாகின்றான்! ஜானகியாக வந்த வைஜயந்திமாலாவோ உண்மையிலேயே சென்னைப் பெண், 1949இல் ஏவி.எம்.மின் ‘வாழ்க்கை’யில் அறிமுகமாகி, 1951இல் ‘பஹார்’ மூலம் இந்திக்குச் சென்றவர். பரதநாட்டியம் பயின்ற கால்கள் அவரை எங்கும் காத்தன. இசையமைத்த இருவருள் ஜெய்கிஷன் குஜராத்தியர். பாடலாசிரியருள் ஹஸ்ரத் ஜெய்ப்பூர்க்காரர். திரைக்குப் பின்னே இந்தியா ஒரே கூரையின் கீழ்த்தான் இருந்தது. படத்தில் காணும் தமிழ்க்கோலம் நாடக ஒப்பனைதான். தமிழர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். எனக்கோ சிரிப்பே வந்தது.

சிரிப்பினூடே ஒரு நினைவும் வந்தது. நான் ஆசிரியப் பயிற்சி முடித்த ஆண்டில், எங்கள் வீட்டு மாடியறையைக் கேட்டு வடநாட்டு இளைஞர் ஒருவர் வந்தார். என் தந்தையார் அவரை அமரச் செய்து காபி கொடுத்து உபசரித்தார். பின், “அறை நேற்றே பேசி முடிந்துவிட்டது, தம்பி” என்றார். அருகில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. அந்த இளைஞர் நன்றி கூறிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் இறங்கினார். அவ்வறை எட்டு மாதம் பூட்டியே கிடந்தது.